புதன்கிழமை இரவு வகுப்பு: கணினி வலையமைப்புப் பாடம் பற்றி ஒரு மாணவரின் மதிப்புரை

வேலை பார்த்துக்கொண்டே பட்டப்படிப்புப் படிப்பவர்களுக்காகச் சிங்கப்பூரில் மாலை நேரத்தில் நடத்தப்படும் ‘கணினி வலையமைப்பும் நெறிமுறைகளும்’ என்ற பாடத்தைச் சென்ற பருவத்தில் படித்து முடித்தேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் பல்கலைக்கழகத்தின் பெயரையும் விரிவுரையாளரின் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை. பதின்மூன்று வாரம், புதன்கிழமைதோறும் மாலை ஏழு மணி முதல் பத்து மணி வரை வகுப்பு நடந்தது. முதல் பாதி விரிவுரை, பின்பாதி ஆய்வுக்கூடம். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆய்வுக்கூடத்துக்காக இந்தப் பாடத்தில் தாராளமாகச் சேரலாம். கம்பியில்லா வலையமைப்பையும் இணையப் பாதுகாப்பையும் கற்றுக்கொள்ளலாம் என்று எண்ணிச் சேர்ந்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

எந்த இடத்தில் நின்று இந்தப் பாடத்தை மதிப்பிடுகிறேன் என்பது வாசகருக்குத் தெரிய வேண்டும். பதினோரு ஆண்டுகளாகக் கட்டடங்களில் தரவுக் கம்பிவடம் இழுக்கும் வேலை பார்க்கிறேன். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு என்று எட்டுக் கம்பிகளை வரிசைப்படுத்திச் செருகியில் நுழைத்து அழுத்தும் வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். சோதனைக் கருவியில் எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தால் என் பொறுப்பு முடிந்தது. அதற்கு மேல் அந்தக் கம்பிக்குள் என்ன ஓடுகிறது, ஏன் சில நேரம் எட்டு விளக்கும் எரிந்த பிறகும் வாடிக்கையாளர் ‘நெட் வேலை செய்யவில்லை’ என்று கூப்பிடுகிறார் என்பது எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் நாற்பது வயதுக்கு மேல் இந்த வகுப்பில் உட்கார்ந்தேன்.

பாடம் மேலிருந்து கீழே இறங்கி வரும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. முதலில் உலாவியும் வலைத்தளமும், பிறகு பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ், பிறகு தரவு தவறாமல் போய்ச் சேருவதைப் பார்த்துக்கொள்ளும் டிசிபி, பிறகு கணினிகளின் எண்முகவரியான ஐபி முகவரியும் வழிகாட்டும் திசைவியும் (ரவுட்டர்), கடைசியில்தான் கம்பிவழி இணைப்பு முறையான ஈதர்நெட்டும் கம்பியும். கீழிருந்து மேலே ஏறிச் சொல்லித் தரும் பழைய முறையை ஆதரிப்போர் இன்னும் உண்டு. கம்பியை மட்டும் தெரிந்து வைத்திருந்த எனக்கும் முதல் மூன்று வாரம் தலைகீழாகத் தொங்குவது போலத்தான் இருந்தது. ஆனால் எல்லாருக்கும் கண்ணுக்குத் தெரிந்த வலைப்பக்கத்திலிருந்து தொடங்கி, “இது வந்து சேர வேண்டுமென்றால் இதற்குக் கீழே என்ன இருந்தாக வேண்டும்?” என்று ஒவ்வொரு படியாகக் கேட்டுக்கொண்டே இறங்கியதால், கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் ஒழுங்கான எந்த நெறிமுறையையும் விதியாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை, ஒவ்வொன்றும் அதற்கு முன் இருந்த ஒரு தொல்லைக்குத் தீர்வாகவே வந்து நின்றது. இந்த வரிசையை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

டிஎன்எஸ் வாரத்தை எடுத்துக்கொள்வோம். தொடக்கக் காலத்தில் வலையமைப்பில் இருந்த கணினிகளின் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் எழுதப்பட்டு, ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிலையத்திலிருந்து எல்லாருக்கும் அனுப்பப்பட்டன. கணினிகள் பெருகப் பெருக அந்தக் கோப்பைக் கட்டிக் காப்பது இயலாமல் போனது. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த டிஎன்எஸ், அந்த ஒரே பட்டியலை உடைத்து அதிகாரத்தைக் கிளை கிளையாகப் பகிர்ந்து கொடுத்தது. விரிவுரையில் இதைச் சொன்ன பிறகு, ஆய்வுக்கூடத்தில், வலையமைப்பில் போகும் தரவைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்து, நாங்கள் தட்டச்சு செய்யும் பெயர் எந்தப் பொதியாக (சிறு தரவுத் துண்டாக) வெளியே போகிறது என்று பார்க்கச் சொன்னார்கள். பணித்தாளில் இருந்த பெயர்களை முடித்துவிட்டு, நானாக ஒன்று செய்து பார்த்தேன். நம் நாட்டுக்கு ‘எஸ்ஜி’ தவிர, ‘.சிங்கப்பூர்’ என்று தமிழிலேயே ஓர் உயர்நிலைக் களப்பெயர் (இணையப் பெயரின் கடைசிப் பகுதி) 2011 முதல் இருக்கிறது. அதைத் தமிழ் விசைப்பலகையில் அடித்து வினவினேன். பிடிபட்ட பொதியில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. ‘எக்ஸ்என்’ என்று தொடங்கி, இரண்டு சிறுகோடு, அதன் பிறகு ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சரம். எழுத்து, எண், சிறுகோடு ஆகிய மூன்றை மட்டுமே ஏற்றுப் பழகிய பழைய அமைப்பை உடைக்காமல் உலக மொழிகளை அதற்குள் ஏற்றுவதற்காக, 2003இல் வரையறுக்கப்பட்ட பியூனிகோட் என்ற முறையில் நம் பெயர் மாற்றி எழுதப்படுகிறது. மாற்றும் வேலை நம் கணினியிலேயே முடிந்துவிடுகிறது. வழியில் இருக்கும் எந்தக் கருவிக்கும் அது தமிழ் என்று தெரியாது. திரையில் அந்தச் சரத்தைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஆங்கிலம் அல்லாத மொழிகளில் களப்பெயர் வைக்க நடந்த தொடக்கக்கால முயற்சிகளில் முக்கியமான ஒன்று, 1998இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ தலைமையில் நடந்தது. அதற்கும் முன்பு, 1995 அக்டோபரில் அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்த சிங்கப்பூர்க் கவிதை இணையத்தளத்தில் தமிழ்க் கவிதைகளும் ஏறின. அதற்குப் பின்னால் நின்றவர்களில் நம் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி ஒருவர். இதெல்லாம் நாங்கள் வகுப்பில் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பேருந்தில் போய்விடக்கூடிய தூரத்தில் நடந்தவை. விரிவுரையில் கலிஃபோர்னியாவும் ஹவாயும் வந்தன. நம் ஊர் ஓர் இடத்தில்கூட வரவில்லை. பாடத்திட்டம் வேறு நாட்டில் எழுதப்பட்ட பாடநூலைப் பின்பற்றுவதால் இப்படி ஆகியிருக்கலாம். இரண்டு படவில்லைகள் சேர்த்தால் போதும், இந்தக் குறை தீர்ந்துவிடும்.

இனி டிசிபி. பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஐந்து முதல் ஏழு வரையான வாரங்களை இதற்கே ஒதுக்கியிருந்தார்கள். அது சரியான முடிவு. விரிவுரையாளர் 1986 அக்டோபரில் நடந்ததிலிருந்து தொடங்கினார். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடைப்பட்ட தூரம் சுமார் 400 கெஜம்தான். அந்த இணைப்பில் வினாடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த தரவு, திடீரென்று வினாடிக்கு 40 பிட் ஆகச் சுருங்கிவிட்டது. கம்பி அறுபடவில்லை, கருவி பழுதாகவில்லை. வரிசை நிரம்பிப் பொதிகள் விழ, பதில் வராத கணினிகள் எல்லாம் விழுந்த பொதிகளையே மறுபடி மறுபடி அனுப்ப, அந்த மறுபதிப்புகளே வழியை மேலும் அடைத்துக்கொண்டன. தீபாவளிக்கு முதல்நாள் இரவு சிராங்கூன் சாலையில் ஒவ்வொருவரும் முன்னால் இருப்பவரைத் தள்ளினால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. அதைக் கண்டு ஆராய்ந்த வான் ஜேக்கப்சன், 1988இல் வெளியிட்ட கட்டுரையில் சொன்ன தீர்வைத்தான் இன்றுவரை நம் கைப்பேசிகள் ஏதோ ஒரு வடிவில் பின்பற்றுகின்றன: மெதுவாகத் தொடங்கு, பதில் வரும் அளவுக்கு வேகத்தைக் கூட்டு, பொதி தொலைந்தால் நெரிசல் என்று புரிந்துகொண்டு பின்வாங்கு. சாலையை நிருவகிக்க மேலே யாரும் இல்லாதபோது, ஓட்டுகிற ஒவ்வொருவரும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. அன்றைய விரிவுரை ஒன்பது மணியைத் தாண்டியும் நீண்டது. யாரும் கைப்பேசியைப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் ஆய்வுக்கூடத்தில் இதையே கையால் செய்தோம். மேசைக்கு இரண்டு மடிக்கணினி, நடுவில் அவற்றைக் கம்பியால் இணைக்கும் சுவிட்ச் என்ற பழைய கருவி ஒன்று. ஒரு கணினியிலிருந்து மற்றதற்கு ஒரு பெரிய கோப்பை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே, பெறுகிற கணினியின் கம்பியைச் சுவிட்சிலிருந்து பிடுங்க வேண்டும். அனுப்புகிற கணினியில் வயர்ஷார்க் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். என் கூட்டாளி ஒரு கப்பல் பட்டறையில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர். கம்பியைப் பிடுங்கியதும் திரையில் ஒரே பொதி கறுப்பு வரியாகத் திரும்பத் திரும்ப வரத் தொடங்கியது. நேரப் பத்தியைப் படித்துக் குறித்துக்கொண்டே வந்தோம். இடைவெளி முதலில் ஏறத்தாழ 0.2 வினாடி, பிறகு 0.4, பிறகு 0.8, 1.6, 3.2. ஒவ்வொரு முறையும் இரண்டு மடங்கு பொறுமை. பத்து வினாடி கழித்துக் கம்பியை மறுபடி செருகினேன். சுவிட்சின் விளக்கு ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது.

இந்த ஆரஞ்சு விளக்கை நான் பதினோரு ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். சில சுவிட்சுகளில் கம்பியைச் செருகினால் அரை நிமிடம் ஆரஞ்சு எரிந்த பிறகுதான் பச்சைக்கு மாறும். சுவிட்ச் சூடாக வேண்டும் என்று எனக்கு வேலை கற்றுத்தந்தவர் சொல்லியிருந்தார். நானும் எனக்குப் பின் வந்தவர்களுக்கு அதையே சொல்லிக் கொடுத்தேன். உண்மைக் காரணம் அன்று தெரிந்தது. சுவிட்சுகளை வளையமாக இணைத்துவிட்டால் ஒரு பொதி முடிவில்லாமல் சுற்றிச் சுற்றிப் பெருகி வலையமைப்பையே முடக்கிவிடும். அதைத் தடுக்க 1985இல் ரேடியா பெர்ல்மன் உருவாக்கிய ஸ்பேனிங் ட்ரீ நெறிமுறை, புதிதாக உயிர்பெற்ற எந்த வாயிலையும் (கம்பி செருகும் துளையையும்) உடனே திறந்துவிடுவதில்லை. 15 வினாடி கவனிக்கிறது, இன்னொரு 15 வினாடி யார் யார் எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று கற்றுக்கொள்கிறது, அதன் பிறகுதான் போக்குவரத்தை விடுகிறது. கணினி மட்டுமே இணையும் வாயிலில் இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கச் சொல்லி அமைப்பில் ஒரு வரி எழுதலாம். இது தெரியாமல் எத்தனை அலுவலகங்களில் எத்தனை ஊழியர்களைக் காலையில் அரை நிமிடம் காக்க வைத்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன்.

விளக்கு பச்சைக்கு மாறிய பிறகும் கோப்பு நகரவில்லை. “அண்ணே, பச்சை வந்துருச்சே, இன்னும் ஏன் போகல?” என்று கூட்டாளி கேட்டார். “இருங்க தம்பி, நானும் அதைத்தான் பார்க்கிறேன்” என்றேன். அப்போது பின்னால் வந்து நின்ற விரிவுரையாளர் விடையைச் சொல்லாமல், இடைவெளிகளைக் கூட்டிப் பார்க்கச் சொன்னார். 0.2 முதல் இரட்டித்துக்கொண்டே போனால் எட்டாவது முயற்சி 51ஆம் வினாடியில் வர வேண்டும். பச்சை வந்தது 40ஆம் வினாடி வாக்கில். வழி திறந்துவிட்டது என்று அனுப்புகிற கணினிக்குச் சொல்ல யாரும் இல்லை. தன் கடிகாரம் அடிக்கும்வரை அது காத்திருந்தாக வேண்டும். 51ஐ எட்டியதும் கறுப்பு வரிக்குக் கீழே பதில் வந்தது; பொதிகள் ஒன்று, இரண்டு, நான்கு என்று பெருகித் திரையை நிறைத்தன. விரிவுரையில் சொன்ன மெதுவான தொடக்கம் கண் முன்னால் நடந்தது. இந்த ஓர் ஆய்வுக்காக மட்டுமே கட்டணத்தில் பெரும்பகுதியைக் கொடுக்கலாம் என்பேன்.

இதே பகுதியில் கொடுக்கப்பட்ட வீட்டுப்பாடமும் சிறப்பானது. இரண்டு ஊர்களைத் தேர்ந்தெடுத்து, கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொண்டு, போய்வரும் நேரத்தைக் கணக்கிட்டு, பிறகு அளந்தும் பார்க்க வேண்டும். நான் சிங்கப்பூரையும் சென்னையையும் எடுத்துக்கொண்டேன். இரண்டுக்கும் இடையே 2002 முதல் இயங்கும் ஐ2ஐ கடலடிக் கம்பிவடத்தின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். போக 16 மில்லிவினாடி, வர 16. இதைக் குறைக்க எந்த நிறுவனத்தாலும் முடியாது. நான் அளந்தபோது 35 வந்தது. அடுத்த கேள்விதான் கண்ணைத் திறந்தது: ஒரே நேரத்தில் பதிலுக்குக் காத்திருக்கக்கூடிய தரவு 65,535 பைட் மட்டுமே என்றால், இந்தத் தூரத்தில் அதிகபட்ச வேகம் என்ன? ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்று மாற்றி, அளந்த 35 மில்லிவினாடியால் வகுத்துப் பார்த்தால் வினாடிக்கு ஏறத்தாழ 15 மெகாபிட். வீட்டில் ஒரு கிகாபிட் இணைப்பு இருந்தாலும் அவ்வளவுதான். பழைய டிசிபி தலைப்பில் (பொதியின் முன்னால் ஒட்டும் குறிப்புப் பகுதியில்) அந்த அளவைக் குறிக்க 16 பிட் இடம் மட்டுமே இருந்ததால் வந்த தடை இது. 1992இல் சேர்க்கப்பட்ட விரிவாக்கத்தால்தான் அது நீங்கியது. ஊரில் இருக்கும் அம்மாவோடு காணொளியில் பேசும்போது வரும் சின்னத் தாமதத்தில் எவ்வளவு கடலுக்குரியது, எவ்வளவு கருவிகளுக்குரியது என்று இப்போது பிரித்துச் சொல்ல முடிகிறது.

ஐபி முகவரிகளைப் பற்றிய வாரமும் நன்றாகவே போனது. ஒரு முகவரித் தொகுதியைச் சிறு சிறு உப வலையமைப்பாகப் பிரிக்கும் கணக்கு பலருக்கும் கசக்கும் பகுதி. விரிவுரையாளர் அதை நம் அஞ்சல் குறியீட்டைக் கொண்டு விளக்கினார். சிங்கப்பூரில் 1995 முதல் ஆறு இலக்கக் குறியீடு நடப்பில் உள்ளது. முதல் இரண்டு இலக்கம் வட்டாரத்தைச் சொல்லும், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்குக் கடைசி மூன்று இலக்கம் பெரும்பாலும் புளோக் எண்ணாகவே இருக்கும். 56 என்று தொடங்கினால் அங் மோ கியோ பக்கம் என்று கடிதம் பிரிப்பவருக்குத் தெரியும். எந்தப் புளோக், எந்த மாடி என்பதை அவர் அப்போதே பார்க்கத் தேவையில்லை. திசைவியும் முகவரியின் முன்பகுதியை மட்டுமே பார்த்து அடுத்த இடத்துக்குத் தள்ளிவிடுகிறது. இந்த ஒப்புமைக்குப் பிறகு, 32 பிட் முகவரியில் முன்பகுதி 26 பிட் என்றால் மிச்சம் 6 பிட், 64 முகவரி, அவற்றில் கருவிகளுக்குக் கொடுக்கக் கூடியவை 62 என்ற கணக்கு யாருக்கும் தடுக்கவில்லை.

எட்டாம் வாரத்துக்குப் பிறகு பாடம் சரியத் தொடங்கியது. அதை மறைக்க விரும்பவில்லை.

திசைவிகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் பிஜிபி நெறிமுறைக்குக் கிடைத்தது அரை மணி நேரம். உலக இணையத்தையே ஒட்டி வைத்திருக்கும் நெறிமுறை அது. 2008 பிப்ரவரியில் பாகிஸ்தானில் யூடியூபைத் தடுக்கச் செய்யப்பட்ட ஓர் அமைப்பு மாற்றம், நாட்டின் எல்லையைத் தாண்டிக் கசிந்து, உலகம் முழுவதும் யூடியூபை ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எட்டாமல் செய்துவிட்டது. காரணம், யூடியூப் அறிவித்திருந்த முகவரித் தொகுதியைவிடச் சிறிய, துல்லியமான தொகுதி ஒன்று தவறாக அறிவிக்கப்பட்டதுதான். நீளமான முன்பகுதி எதுவோ அதையே திசைவிகள் நம்பும். அஞ்சல் குறியீட்டு ஒப்புமையைப் புரிந்துகொண்ட வகுப்புக்கு இதைப் பத்து நிமிடத்தில் விளக்கிவிடலாம். படவில்லையில் ஒரு வரியாக வந்தது, கடந்து போய்விட்டோம்.

கம்பியில்லா வலையமைப்பு இதைவிட மோசம். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் உருவாக்கிய, பல கணினிகள் ஒரே வானலையைப் பகிர்ந்துகொள்ளும் அலோஹா முறையில், எல்லாரும் நினைத்தபோது பேசினால் பயன்படக்கூடிய நேரம் 18.4 விழுக்காடு மட்டுமே, நேரத்தைத் துண்டுகளாக்கி ஒழுங்குபடுத்தினால் 36.8 என்று கரும்பலகை நிறைய நிறுவிக் காட்டினார்கள். அழகான கணக்கு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதோடு வைஃபை முடிந்தது. அடுக்குமாடி வீட்டில் இருபது அண்டைவீட்டாரின் வைஃபையும் ஒரே அலைவரிசையில் மோதிக்கொள்ளும்போது என்ன நடக்கிறது என்பது சிங்கப்பூரில் குடியிருக்கும் ஒவ்வொருவருக்கும் அன்றாடப் பிரச்சினை. அதற்கு ஒரே ஓர் ஆய்வுகூட வைக்கவில்லை. ஐபியின் ஆறாம் பதிப்பும் படவில்லையோடு நின்றுவிட்டது. நான்காம் பதிப்பில் கிடைக்கக்கூடிய முகவரிகள் 429 கோடிதான் என்பதும், ஆசிய பசிபிக் வட்டாரத்தின் இருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது என்பதும் சொல்லப்பட்டன. சொல்லிவிட்டு, எல்லா ஆய்வுகளையும் நான்காம் பதிப்பிலேயே செய்யச் சொன்னார்கள். டிசிபியைவிட எளிய அனுப்பும் முறையான யுடிபியின் மேல் கட்டப்பட்டு 2021இல் தரப்படுத்தப்பட்ட குவிக் நெறிமுறை பற்றிப் பேச்சே இல்லை. வீட்டில் வயர்ஷார்க்கைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவதே அந்தப் பொதிகள்தான்.

ஆய்வுக்கூட ஏற்பாட்டிலும் பருவத்தின் பிற்பாதியில் குறை வந்தது. உண்மையான சுவிட்சுகளும் திசைவிகளும் கண்ணாடி அலமாரியில் பூட்டிக் கிடக்க, எங்களைத் திரையில் படம் வரைந்து இணைக்கும் பாவனை மென்பொருளுக்கு மாற்றிவிட்டார்கள். பாவனை மென்பொருளில் ஆரஞ்சு விளக்கு எரியலாம். அழுத்திச் செருகாத செருகி தளர்ந்து, விட்டு விட்டு வரும் இணைப்பை அது காட்டாது. ஆய்வுக்கூடப் பயிற்றுநர் நடுவில் மாறினார். முதல் அறிக்கையைத் திருத்தித் தர ஐந்து வாரம் ஆனது. அதற்குள் அடுத்த அறிக்கையில் அதே பிழையைச் செய்து முடித்திருந்தேன்.

தேர்வைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஐபி தலைப்பின் எந்தப் புலம் எத்தனை பிட் என்று எழுதச் சொல்லும் தாளுக்கும், நாங்கள் படித்த பாடத்துக்கும் தொடர்பு குறைவு. வயர்ஷார்க்கில் பிடித்த ஒரு கோப்பைக் கொடுத்து, இங்கே என்ன கோளாறு என்று கேட்டிருந்தால் அதுவே நல்ல தேர்வாக இருந்திருக்கும்.

கூடப் படித்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பாடம் எனக்கு அங்கேதான் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் தமிழ் பேசும் ஐந்து பேர் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகக் கட்டடத்தில் கூடினோம். வகுப்பில் ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்த்தபோதுதான் யாருக்கு எங்கே புரியவில்லை என்பது வெளிவந்தது. டிசிபி இணைப்பைத் தொடங்கும் மும்முறைக் கைகுலுக்கலை எல்லாரும் வரைந்துவிடுவோம்; “மூணாவது எதுக்கு அண்ணே? ரெண்டே போதாதா?” என்று கப்பல் பட்டறைத் தம்பி கேட்டபோது ஒருவராலும் உடனே சொல்ல முடியவில்லை. நான் பேசுவது உனக்குக் கேட்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும், நீ பேசுவது எனக்குக் கேட்கிறது என்று உனக்கும் தெரிய வேண்டும், இரண்டு தரப்பும் தத்தம் தொடக்க எண்ணை மற்றவர் ஒப்புக்கொண்டதாக அறிந்தால்தான் பேச்சைத் தொடங்க முடியும் என்று சுற்றிச் சுற்றிப் பேசி முடித்தபோது, நெறிமுறை என்ற தமிழ்ச்சொல் எவ்வளவு பொருத்தமானது என்று தோன்றியது. பொதி, திசைவி ஆகிய சொற்களும் எங்களுக்குள் இயல்பாகவே புழக்கத்துக்கு வந்துவிட்டன. சுவிட்ச் மட்டும் சுவிட்சாகவே இருந்துவிட்டது.

படித்தது வேலைக்கு உதவியதா என்று கேட்பவர்களுக்கு ஒரு நிகழ்ச்சி. பதினோராம் வாரத்தில், ஒரு வாடிக்கையாளரின் இரண்டு கிளைகளுக்கு இடையே கண்காணிப்புக் கேமராப் படம் வரவில்லை என்று அழைப்பு வந்தது. பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனைப் பொதி) போகிறது, கேமராவின் நுழைவுப் பக்கம் திறக்கிறது, படத்தைக் கேட்டால் மட்டும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. முன்பென்றால் கம்பியை மாற்றியிருப்பேன், பிறகு கேமராவை மாற்றச் சொல்லியிருப்பேன். வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்தது: சாதாரண பிங் சின்னப் பொதி, படம் வருவது பெரிய பொதிகளில். துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு பிங்கை 1,472 பைட் அளவில் அனுப்பினேன். தலைப்புகள் 28 பைட் சேர்ந்தால் அது ஈதர்நெட்டின் முழு அளவான 1,500. பதில் இல்லை. அளவைக் குறைத்துக்கொண்டே வந்தேன். 1,372இல் பதில் வந்தது. இரண்டு கிளைகளையும் இணையத்தின் வழியே இணைத்த தனிப்பாதையான விபிஎன் தன் பங்குக்குக் கொஞ்சம் இடத்தை எடுத்துக்கொண்டதால் முழு அளவுப் பொதி உள்ளே நுழைய முடியவில்லை. ‘பெரிதாக இருக்கிறது, சின்னதாக அனுப்பு’ என்று திசைவி திருப்பி அனுப்பும் ஐசிஎம்பி செய்தியை, பாதுகாப்பு என்ற பெயரில் யாரோ தீச்சுவரில் (ஃபயர்வால்) முழுக்கத் தடுத்து வைத்திருந்தார்கள். அந்தத் தடையை நீக்கச் சொல்லி, டிசிபி தொடங்கும்போதே சிறிய அளவை ஒப்புக்கொள்ளும்படி ஒரு வரியைச் சேர்த்ததும் படம் வந்துவிட்டது. கம்பி எதையும் நான் தொடவில்லை. பதினோரு ஆண்டுகளில் கையில் கருவி எடுக்காமல் நான் சரிசெய்த முதல் பழுது அது.

ஆகவே யாருக்கு இந்தப் பாடம்? வலையமைப்பு வேலையில் கை பழகி, காரணம் தெரியாமல் இருப்பவர்களுக்கு மிகவும் பொருந்தும். நிரல் எழுதுபவர்களுக்கும் முதல் ஏழு வாரம் பயன்படும். தொழிற்சான்றிதழ்த் தேர்வுக்கு ஆயத்தமாகிறவர்கள் அதற்கென்று இருக்கும் பயிற்சிக்குப் போவதே நல்லது. இங்கே கருவிகளை அமைக்கும் கட்டளைகள் அதிகம் கிடையா. மானியம் போக என் கையிலிருந்து போனது ஏறத்தாழ அரை மாதச் சம்பளம். 40 வயது நிரம்பிய குடிமக்கள், 2024 மே மாதம் வழங்கப்பட்ட 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் (அரசின் திறன்மேம்பாட்டுத் திட்டம்) தொகையைத் தங்கள் பட்டப்படிப்புக்குப் பயன்படுத்த முடியுமா என்று சேர்வதற்கு முன்பே கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது. கணக்கு வராது என்று பயப்பட வேண்டாம்; இரண்டின் அடுக்குகளும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

அடுத்த பருவத்தில் சேர்பவர்கள் முதல் ஆய்வுக்கூட வகுப்புக்கு வருமுன்பே வயர்ஷார்க்கை மடிக்கணினியில் நிறுவிக்கொண்டு வரட்டும். எங்களுக்கு அதிலேயே நாற்பது நிமிடம் போய்விட்டது. முடிந்தால் மின்னணுப் பொருள் கடைகள் இருக்கும் சிம் லிம் பக்கம் போய் நிருவகிக்கக்கூடிய பழைய சுவிட்ச் ஒன்றையும் நான்கு குட்டைக் கம்பிகளையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எட்டாம் வாரத்துக்குப் பிறகு பாவனை மென்பொருளுக்கு மாற்றப்படும்போது, செய்ய விட்டுப்போன ஆய்வுகளை வீட்டு மேசையிலேயே செய்து பார்க்கலாம். நாங்கள் ஐந்து பேரும் எஞ்சிய வாரங்களை அப்படித்தான் ஓட்டினோம்.